உங்கள் பகுதியின் ஓசோன் அளவை நீங்களே முன்கணிப்பது எப்படி?

வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், காற்றுத் தர ஆப்பைத் திறந்து பார்ப்பது தினசரி வேலையாகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காலையில் ஆப் பச்சை காட்டும். மாலை விளையாடிவிட்டு வந்ததும் பிள்ளைக்கு இருமல், நெஞ்சில் இறுக்கம். அப்படிப்பட்ட நாட்களின் அளவீடுகளை மணிவாரியாக எடுத்துப் பார்த்தபோது, பிற்பகலில் ஓசோன் ஏறியிருந்தது தெரிந்தது. அதன்பிறகு மறுநாளுக்கான ஓசோன் கணக்கை நானே போட ஆரம்பித்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸோ லிப்ரேஆபிஸ் கால்க்கோ போதும்.

முதலில், ஓசோன் எப்படி உருவாகிறது

தரைமட்ட ஓசோன் புகைக்குழாயிலிருந்து நேராக வெளியே வருவதில்லை. வண்டிகளும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட், கரைப்பான்கள் போன்றவற்றிலிருந்து கிளம்பும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து காற்றிலேயே உருவாகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரைத் திணறடித்த புகைமூட்டத்தின் பின்னால் இருப்பது இதுதான் என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார்.

வெயில் வேண்டும் என்பதால் ஓசோன் பெரும்பாலும் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். மேகமில்லாத வானம், அதிக வெப்பம், மெல்லிய காற்று மூன்றும் சேர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொரு விஷயம். வண்டிப் புகையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெரிசலான சாலையோரத்தில் ஓசோன் குறைவாகவும், காற்று வீசும் திசையில் ஊருக்கு வெளியே அதிகமாகவும் இருக்கலாம். 2020 ஊரடங்கில் வண்டிகள் ஓடாதபோது பல நகரங்களில் நைட்ரஜன் டைஆக்சைடு இறங்கியும் ஓசோன் ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "பசுமையான இடம், காற்று நன்றாகத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கை ஓசோன் விஷயத்தில் செல்லாது.

படி 1: மணிவாரித் தரவை இறக்குங்கள்

ஓப்பன்-மீட்டியோ தளத்தில் காற்றுத் தரத்துக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவையின் முன்கணிப்பு அங்கே கிடைக்கும். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். உங்கள் இடத்தைக் கொடுத்து, ஓசோனை மட்டும் டிக் செய்து, கடந்த 7 நாட்களையும் சேர்த்துக் கேட்டு, ஷீட்டில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். மேலே சில வரிகள் இட விவரமாக இருக்கும், அதற்குக் கீழேதான் அட்டவணை.

நேர மண்டலத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். நீங்கள் மாற்றாவிட்டால் கிரீன்விச் நேரத்தில்தான் வரும். அப்போது உச்சம் காலையிலோ இரவிலோ வந்து நிற்கும். தரவு கைக்கு வந்ததும் முதல் சோதனை இதுதான்: உச்சம் பிற்பகலில் விழுகிறதா? இல்லையென்றால் மேற்கொண்டு போகாமல் நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

விண்டி தளத்தின் ஓசோன் வரைபடமும் நல்லதுதான். மாசு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க நான் அதைத் திறப்பேன். ஆனால் முடிவெடுக்க எனக்கு எண்கள் வேண்டும். வண்ணங்களை வைத்து 95-க்கும் 125-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

படி 2: 8 மணி நேர சராசரி

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

ஓசோன் வரம்புகள் பெரும்பாலும் 8 மணி நேர சராசரிக்குத்தான் சொல்லப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். இது நாள் முழுவதற்குமான சராசரி அல்ல, உச்ச மணியின் அளவும் அல்ல. ஒரு நாளில் வரக்கூடிய 8 மணி நேரத் துண்டுகளில் எதன் சராசரி மிக அதிகமோ, அதுதான் அந்த நாளின் எண்.

உதாரணத்துக்கு, காலை 11 முதல் மாலை 6 வரை மணிவாரி அளவுகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 88, 102, 118, 129, 134, 128, 116, 97. கூட்டினால் 912. எட்டால் வகுத்தால் 114. வரம்பைத் தாண்டிவிட்டது. இதே நாளில் இரவும் விடிகாலையும் 30, 40 என்று இருந்திருந்தால் 24 மணி நேர சராசரி 70-ஐ ஒட்டித்தான் வரும். அதைப் பார்த்து நிம்மதியாகப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிடுவோம்.

ஷீட்டில் செய்வது சுலபம். அளவுகள் பி நெடுவரிசையில் இருந்தால், எட்டாவது மணிக்கு எதிரே சி நெடுவரிசையில் அந்த மணியையும் அதற்கு முந்தைய ஏழு மணிகளையும் சேர்த்து ஆவரேஜ் போடுங்கள். அப்படியே கீழே வரை இழுங்கள். பிறகு ஒவ்வொரு தேதிக்கும் சி-யில் உள்ள மிகப் பெரிய எண்ணை எடுங்கள். நள்ளிரவைத் தாண்டும் துண்டு எந்த நாளுக்குச் சேரும் என்ற குழப்பம் வரும். ஐரோப்பிய விதிப்படி, துண்டு எந்த நாளில் முடிகிறதோ அந்த நாளின் கணக்கு. நானும் அதையே பின்பற்றுகிறேன்.

அலகையும் பாருங்கள். சில நிலையங்கள் பிபிபி-யில் (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அலகில்) தரும். ஓசோனுக்கு 1 பிபிபி என்பது ஏறக்குறைய 2 மைக்ரோகிராம். ஆப்கள் காட்டும் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) எண்ணை இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது. அமெரிக்க ஏக்யூஐ-யில் ஓசோனுக்கு 100 என்றால் 8 மணி நேர சராசரி 70 பிபிபி, அதாவது கிட்டத்தட்ட 140 மைக்ரோகிராம்.

படி 3: உங்கள் ஊருக்கு ஏற்றபடி திருத்துங்கள்

ஐரோப்பாவுக்கு வெளியே, இந்த முன்கணிப்பைத் தரும் கணினி மாதிரியின் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர் அகலம். ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள வயல்களும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அதனால் திருத்தாத முன்கணிப்பை நான் நம்புவதில்லை.

அருகிலுள்ள அரசு அளவீட்டு நிலையத்தின் கடந்த 7 நாள் ஓசோன் தரவை எடுங்கள். பல நாடுகளின் தரவு ஓப்பன்ஏக்யூ தளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும். படி 2-இல் செய்ததையே அதற்கும் செய்து, தினமும் மாதிரி சொன்னதிலிருந்து நிலையம் அளந்ததைக் கழியுங்கள். ஏழு வித்தியாசங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு மழை நாள் கணக்கையே இழுத்துக்கொண்டு போய்விடும். நடு எண் 20 என்றால், நாளைய முன்கணிப்பிலிருந்து 20-ஐக் கழித்துவிடுங்கள். மைனஸில் வந்தால் கூட்டுங்கள்.

நிலையம் சாலைச் சந்திப்பில் இருக்கிறதா, பூங்காவுக்குள் இருக்கிறதா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். சாலையோர நிலையத்தை வைத்துத் திருத்தினால், திறந்த மைதானத்துக்குக் குறைத்துச் சொல்லிவிடும். கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சாலையை விட்டு விலகிய நிலையமே மேல்.

மலிவான ஓசோன் சென்சார் வாங்கி மாட்டலாமா என்றால், என் பதில் வேண்டாம். அவற்றில் பல, நைட்ரஜன் டைஆக்சைடையும் சேர்த்து அளந்துவிடும்.

படி 4: எண்ணை வைத்து என்ன செய்வது

ஓசோன் மூச்சுக்குழாயின் உட்பரப்பைத் தாக்கி வீக்கத்தை உண்டாக்கும். ஆழமாக மூச்சிழுத்தால் வலிக்கும், இருமல் வரும், நுரையீரல் இழுக்கும் காற்றின் அளவு தற்காலிகமாகக் குறையும். உடற்பயிற்சியின்போது ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போவதால் பாதிப்பும் கூடும். குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், வெயிலில் வேலை செய்பவர்கள் இவர்களுக்குத்தான் முதல் கவலை.

தொடர்ந்து சில நாள் ஓசோனில் இருந்தால் இருமலும் வலியும் தானாகக் குறையும். உடம்பு பழகிவிட்டது என்று இதை நினைக்காதீர்கள். அறிகுறிகள் அடங்கினாலும் உள்ளே வீக்கம் தொடரலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. திருத்திய எண் 100-ஐத் தாண்டினால் ஓட்டமும் ஆட்டமும் காலைக்கு மாறும். காலையில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் அதிகமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். 140-ஐத் தாண்டினால் பிற்பகலில் யாரும் வெளியே கடுமையாக உடலை வருத்துவதில்லை. ஐரோப்பாவில் ஒரு மணி நேர அளவு 180 ஆனால் பொதுமக்களுக்குத் தகவல், 240 ஆனால் எச்சரிக்கை. இன்ஹேலர் அளவை மட்டும் இந்த எண்களை வைத்து மாற்றாதீர்கள், அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

உச்ச நேரத்தில் ஜன்னலைச் சாத்தினால் உள்ளே ஓசோன் கணிசமாகக் குறையும், சுவர், துணி எல்லாம் அதை உறிஞ்சிவிடும். ஆனால் வீடு கொதித்தால் திறந்தே வையுங்கள். வெப்பத்தாக்கம் இன்னும் ஆபத்து.

பிற்சேர்க்கை

என்95 முகக்கவசம் போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போதாது. அது துகளைத்தான் பிடிக்கும், ஓசோன் வாயு. காற்றுச் சுத்திகரிப்பானில் இருக்கும் ஹெப்பா வடிகட்டிக்கும் இதே கதைதான். ஓசோனை உற்பத்தி செய்து காற்றைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லும் கருவிகளை ஆட்கள் இருக்கும் அறையில் வைக்கவே வைக்காதீர்கள்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள், இரவிலும் எண் இறங்கவில்லை, தரவு தவறா என்று கேட்டார்கள். தவறில்லை. உயரத்தில் ஓசோனைத் தின்ன வண்டிப் புகை குறைவு, தரையோடு ஒட்டிய காற்றடுக்கில் அது தீர்ந்துபோவதும் குறைவு. உங்களுக்குப் பிற்பகல் துண்டை மட்டும் பார்த்தால் போதாது, 24 துண்டுகளையும் கணக்கில் எடுங்கள். படி 1-இல் சொன்ன பிற்பகல் உச்சச் சோதனையும் உங்களுக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக வெப்பநிலையையும் சேர்த்து இறக்கி, அதன் உச்சம் பிற்பகலில் வருகிறதா என்று பார்த்து நேரத்தை உறுதிசெய்யுங்கள்.