வெளிநாட்டுப் பயணத்தில் கமெராவைக் களவு கொடுக்காமல் காப்பது எப்படி?

கொழும்பிலிருந்து விலையுயர்ந்த கமெராவுடன் வெளிநாடு புறப்படுபவர், அதைப் பாதுகாப்பதற்கான வேலையில் பாதியைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் முன்னரே வீட்டில் முடித்துவிட வேண்டும். கமெராவின் அடிப்பாகத்திலோ, சில மாதிரிகளில் மடக்குத் திரையின் பின்புறத்திலோ உள்ள தொடர் இலக்கத்தையும், ஒவ்வொரு லென்ஸின் இலக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியுடன் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். நாடு திரும்பும்போது, கமெரா புதிதாக வாங்கியதா என்று சுங்க அதிகாரி கேட்டாலும் அந்தப் பற்றுச்சீட்டு கைகொடுக்கும்.

பயணக் காப்புறுதி எடுத்திருந்தால், மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்தியடையாமல், தனியொரு பொருளுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அது ஒரு நல்ல லென்ஸின் விலைக்குக்கூடப் போதாது. கவனிப்பாரின்றி விட்டுச்சென்ற பொருளுக்குப் பல நிறுவனங்கள் நட்டஈடு தருவதே இல்லை.

கமெராவையும் மேலதிக லித்தியம் பற்றரிகளையும் கைப்பொதியில்தான் கொண்டுசெல்ல வேண்டும். அந்தப் பற்றரிகளைச் சரக்குப் பொதியில் வைக்க விமானப் பாதுகாப்பு விதிகளும் இடமளிப்பதில்லை. பாதுகாப்புச் சோதனையில், உங்களுக்கு முன்னால் நிற்பவர் வாயிலைக் கடக்கும்வரை உங்கள் பை வைத்த தட்டைச் சோதனை இயந்திரத்துக்குள் தள்ளாதீர்கள். அவர் தாமதிக்கும் நேரத்தில் உங்கள் பை மறுபக்கத்தில் காவலின்றிக் கிடக்கும்.

புறக்கோட்டை நெரிசலில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கும் நாம், பார்சலோனாவின் லா ராம்ப்லா வீதியிலும் பாரிஸ் மெட்ரோவிலும் ஊரின் அழகில் மயங்கி அந்த எச்சரிக்கையைக் கைவிட்டுவிடுகிறோம். அங்கே கத்தியைக் காட்டிப் பறிப்பதைவிடக் கவனத்தைத் திருப்பிக் களவெடுப்பதே வழக்கம்: ஒருவர் உங்கள் தோளில் எதையோ ஊற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டபடி துடைக்க வருவார், நீங்கள் பையைக் கீழே வைத்த கணத்தில் மற்றவர் அதைத் தூக்கிக்கொண்டு மறைவார். யார் துடைக்க வந்தாலும் பையைக் கீழே வைக்காமல் நடந்துகொண்டே இருங்கள். ரயிலில் கதவோரம் நிற்க வேண்டாம், ஏனெனில் கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். உணவகத்தில் பையின் வாரைக் கதிரையில் தொங்கவிடாமல், உங்கள் காலைச் சுற்றி மாட்டிக்கொள்ளுங்கள். நிறுவனப் பெயர் பெரிதாகப் பொறித்த கழுத்துவாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண வாரை உடலுக்குக் குறுக்காக அணிவது மிக நல்லது.

எடுத்த படங்களுக்கு ஈடாக எந்தக் காப்புறுதியும் எதையும் தராது. ஒவ்வோர் இரவும் அவற்றைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியைக் கமெராப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

களவு போய்விட்டால், பல காப்புறுதிகள் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸ் முறைப்பாட்டை எதிர்பார்ப்பதால், அன்றே அந்த ஊர்ப் பொலிஸில் முறையிட்டு, தொடர் இலக்கம் எழுதப்பட்ட பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இலக்கத்தைக் குறித்து வைக்காதவர்கள் அதே கமெராவில் முன்பு எடுத்த மூலப் படமொன்றின் எக்சிஃப் விபரங்களை, அதாவது படக் கோப்புக்குள் கமெரா தானாகப் பதியும் தகவல்களை, திறந்து பார்க்கலாம்; பல கமெராக்கள் தமது தொடர் இலக்கத்தை ஒவ்வொரு படத்திலும் பதிந்து வைக்கின்றன.