கச்சான் தோட்டத்தில் மயில்: என் அனுபவம்

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பக்கம் கச்சான் (நிலக்கடலை) செய்கிற எவரைக் கேட்டாலும் முதலில் மயிலைத்தான் சொல்லுவார்கள். விதைத்த கையோடு வந்து, உழவுசால் வழியே நடந்தபடியே மண்ணைக் கிளறிக் கொட்டையைப் பொறுக்கிவிடும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை இலங்கை முழுக்க ஐந்து நிமிடம் நடந்த விலங்குக் கணக்கெடுப்பில் குரங்கோடு மயிலையும் எண்ணச் சொன்னது இதனால்தான். ஆனாலும் அது பாதுகாக்கப்பட்ட பறவை. சுடவோ நஞ்சு வைக்கவோ சட்டம் விடாது. முருகனுடைய வாகனத்துக்கு நஞ்சு வைக்க எங்கட வீட்டில் ஒருவருக்கும் மனமும் வராது.

மயில் தோட்டத்துக்குள் பறந்து வருவது குறைவு. விடியக் காலமை மரத்தால் இறங்கி, பற்றைக்குள்ளால் நடந்துதான் வரும். அதனால் வேலியோரத்து நாயுண்ணிப் பற்றையை வெட்டி வெளியாக்கினேன். பிறகு கரைவலைக்காரர் கழித்துவிட்ட வலையை வாங்கி நெஞ்சளவு உயரத்துக்குக் கட்டினேன். கண்ணி சிறிதாக, இரண்டு விரல் நுழையும் அளவில் இருக்க வேண்டும். வலை தொய்ந்தால் கால் சிக்கிப் பறவை செத்துப்போகும். மேலும் கீழும் கயிறு கோத்து விறைப்பாக இழுத்து, அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். முழு வேலையும் இதில்தான் இருக்கிறது.

மினுங்கும் நாடாவும் பட்டாசு வெடியும் கொஞ்ச நாளைக்குத்தான், பழகிவிடும். முளைத்து இலை விரியும்வரை காலையும் பின்னேரமும் ஒருவர் காவல் நிற்பதே மேல்.

இந்தப் பெரும்போகத்தில் (மாரிகாலப் பயிர்ச்செய்கையில்) மறுவிதைப்பு தேவைப்படவில்லை. கச்சான் பிடுங்கியதும் வலையைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். வெயிலில் விட்டால் நைலோன் இத்துப்போகும், பாம்பும் உடும்பும் சிக்கும்.