சாயங்கால உடற்பயிற்சிக்குப் பிறகு புரதம்: எடை குறைக்கிறவர்கள் ராத்திரி தட்டை எப்படி வைப்பது

கடலூர் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டோ, மஞ்சக்குப்பம் பக்கம் ஜிம்மில் வெயிட் தூக்கிவிட்டோ எட்டு மணிக்கு வீடு வருகிறவர்களுக்கு ஒரே பயம்தான், இந்த நேரத்தில் சாப்பிட்டால் தொப்பை போடுமோ என்று. போடாது. நாள் முழுக்க உள்ளே போகிற மொத்தக் கலோரி, செலவாவதைவிடக் குறைவாக இருந்தால் ஒன்பது மணிக்குத் தின்ற மீன் யாரையும் குண்டாக்காது. ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: புரதத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகச் சேர்க்காதீர்கள், அந்தச் சாப்பாட்டிலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள். புரத ஷேக் ஒன்றைக் குடித்துவிட்டு, அப்புறம் வழக்கம்போல ஐந்து இட்லியும் சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும்?

முதலில் கணக்கு. எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்கு நல்லது. 70 கிலோ ஆள் என்றால் 84 முதல் 112 கிராம். அதில் ராத்திரிக்கு 25, 30 கிராம் வந்தால் போதும். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடித்தே ஆகவேண்டும் என்று ஜிம்மில் பயமுறுத்துவார்கள், அவ்வளவு அவசரமில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் சரிதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் டீ பிஸ்கட்டோடு ஓட்டியவர்கள் மட்டும் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்.

கடலூர்க்காரருக்குக் கையில் இருக்கிற பெரிய வசதி மீன். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் கானாங்கத்தையோ மத்தியோ வாங்குங்கள், வஞ்சரத்துக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை, புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுத்தம் செய்த மீன் 150 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் இருக்கும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் மட்டும் தேய்த்து, தீயைக் குறைத்து வையுங்கள். அடிப்பக்கம் சிவந்து தானாகக் கல்லை விட்டு வரும், அதுவரை திருப்பாதீர்கள், அவசரப்பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு எண்ணெய் ஊற்றத்தான் கை போகும். கூட இரண்டு இட்லி அல்லது ஒரு கரண்டி சோறு, தட்டில் பாதிக்குக் கீரையோ புடலங்காய்ப் பொரியலோ. யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள் மத்தி, நெத்திலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும். அப்போது முட்டைதான். மூன்று முழு முட்டையில் 18 கிராம், ஒரு கிண்ணம் தயிர் சேர்த்தால் 25 வரும். சைவமா? சோயா உருண்டை 50 கிராம் எடுத்து வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து (பிழியாவிட்டால் அந்தப் பச்சை வாடை போகாது) வெங்காயம் தக்காளியோடு வதக்கினால் 26 கிராம், சோயாவின் கலோரி மட்டும் 180கூட வராது. பனீரில் புரதம் உண்டு, கொழுப்பும் அதே அளவுக்கு உண்டு, அதனால் அளவோடு. சாம்பாரை மட்டும் நம்பாதீர்கள், ஒரு கரண்டியில் சில கிராம்தான் தேறும்.

பீச் சுண்டல் நல்லதுதான். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் கலோரியும் 270 இருக்கிறது, ஆகவே சுண்டல் சாப்பிட்ட அன்று ராத்திரி இட்லியை விட்டுவிடுங்கள். பக்கத்துக் கடை பஜ்ஜியை இந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது.

வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கிற புரதப் பொடி) கட்டாயமில்லை, சமைக்க நேரமில்லாத நாளுக்கு ஒரு ஸ்கூப் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது, இதில் விளையாட வேண்டாம்.

மூன்று நான்கு வாரம் பார்த்தும் எடை அசையவில்லை என்றால் மீனிலோ முட்டையிலோ கை வைக்காதீர்கள். சோற்றையும் எண்ணெயையும் டீயில் போடுகிற சர்க்கரையையும் முதலில் குறையுங்கள்.