டர்பனில் ஸ்போர்ட்ஸ் கார்: மாதம் இரண்டு விடியலை அதற்கென ஒதுக்குவது எப்படி

ஆசையாக வாங்கிய இரண்டு இருக்கை கார் மாதக்கணக்கில் கவருக்குள்ளேயே கிடந்தால், நேரம் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரம் பலருக்கும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றைக்குப் பார்த்து பேட்டரி இறங்கியிருக்கும், டயரில் காற்று குறைந்திருக்கும். அதைச் சரிசெய்வதற்குள் வெயில் ஏறிவிடும், மதியச் சாப்பாட்டுக்கு உறவினர்களும் வந்துவிடுவார்கள். ஆகவே வண்டியை எந்த நேரமும் ஐந்து நிமிடத்தில் கிளம்பும் நிலையில் வைத்திருப்பதே முக்கால்வாசி வேலை.

படி 1: நாள் குறியுங்கள்

மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். இரண்டு வார இடைவெளி வண்டிக்கும் பொருத்தமானது: பிரேக் டிஸ்க்கில் துரு ஆழமாக இறங்காது, டயர் தட்டையாகாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளும் இதில் குறுக்கிடாது.

தென்னாப்பிரிக்காவில் டிசம்பர்தான் கோடை; அப்போது டர்பனில் 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. 5 மணிக்குக் கிளம்பினால் 7 மணிக்குள் வீடு திரும்பலாம், யாருடைய நாளும் கெடாது. ஜூனில் 6:50 வாக்கில்தான் விடியும் என்பதால் புறப்பாட்டை 7 மணிக்குத் தள்ளிவையுங்கள். கோடையில் மாலைப் பயணம் வேண்டாம். உள்நாட்டுப் பக்கம் பிற்பகலில் இடிமழை பிடித்துக்கொள்ளும்.

படி 2: பேட்டரி

பெரும்பாலான ஞாயிறுகளைக் கெடுப்பது இதுதான். நிறுத்திவைத்த காரிலும் அலாரம், கணினி, கடிகாரம் எல்லாம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. மூன்று வாரத்தில் 25 ஆம்பியர்-மணி, அதாவது 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓர் இரவு ஓய்ந்திருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலு வராது.

இதற்கு மருந்து, 1 ஆம்பியர் அளவிலான ஸ்மார்ட் சார்ஜர். சாதாரணச் சார்ஜரை நாள்கணக்கில் மாட்டிவைக்காதீர்கள். அது பேட்டரி நிறைந்த பிறகும் நிற்காமல் அமிலத்தைக் கொதிக்கவைத்துவிடும். சிவப்பு கிளிப்பை முதலில் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது மின்னழுத்தம் எகிறக்கூடும், அதனால் சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக்கில் செருகுங்கள். மின்சாரம் திரும்பியதும் சார்ஜர் தானே தொடங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்; சில வகைகள் பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கும்.

படி 3: டயர், பிரேக்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல்வரிகள்) தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிவிடுவதால், ஆறேழு ஆண்டுகளில் மாற்றிவிடுங்கள்.

நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஈரக்காற்றில் பிரேக் பேட் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டர்பன் வீடுகளில் பலவும் சரிவில் இருப்பதால் கட்டையை மறக்கவே கூடாது. டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை.

படி 4: மழைநீர், ஈரம்

துணிக்கூரை உள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற வண்டியில் கூரையின் பின்மூலைகளில் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பை ஊறவைக்கும், அடியில் துரு பிடிக்கும். புல்வெட்டியின் நைலான் நூலை நுழைத்து மெதுவாகக் குடைந்துவிடுங்கள். கம்பி வேண்டாம், ரப்பர் குழாயைக் கிழித்துவிடும்.

பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். அதற்குள் ஈரம் அடைபட்டு வியர்க்கும். காற்றுப் புகும் துணிக் கவரே நல்லது.

படி 5: சனிக்கிழமை இரவு

டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பாருங்கள். கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுதான் சரி. ஆயில் குச்சி, லைசன்ஸ் டிஸ்க் (முன்கண்ணாடியில் ஒட்டும் வாகன உரிம வில்லை) தேதி இரண்டையும் பாருங்கள். அந்த வில்லை காலாவதியான பின் 21 நாள் அவகாசம் உண்டு. கார் ஓடாமல் நின்றாலும் அபராதம் ஏறும். சாவி, லைசன்ஸ், கண்ணாடி எல்லாம் ஒரே தட்டில் இருக்கட்டும்.

படி 6: ஓட்டுங்கள்

கராஜிலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது பலரின் வழக்கம். அது கெடுதல். சைலன்சர் சூடேறாததால் உள்ளே நீர் தேங்கித் துரு பிடிக்கும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். கதவைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்தில் கிளம்புங்கள்.

தண்ணீர் வெப்பமுள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். முதல் பதினைந்து நிமிடம் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டக் கூடாது. ஆளில்லாத நேர்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நான்கைந்து முறை சற்று அழுத்திப் பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் மேல்துரு போய்விடும்.

நேரம் குறைவென்றால் கடலோர எம்4 சாலையில் உம்ட்லோட்டி ஊர்வரை போய்த் திரும்பலாம், ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் இருந்தால் எம்13 சாலையில் ஏறி ஹில்கிரெஸ்ட் தாண்டி, பழைய மெயின் ரோட்டில் போதாஸ் ஹில் வழியாக டிரம்மண்ட் வரை செல்லுங்கள். ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே விரியும்; வளைவுகள் இரண்டாம், மூன்றாம் கியருக்கென்றே அமைந்தவை. அங்கே காலையில் பனிமூட்டம் இருக்கும், ஞாயிறுகளில் சைக்கிள்காரர்கள் நிறைய வருவார்கள், ஆகவே தெரியாத வளைவில் வேகம் வேண்டாம். இந்த வழியாக ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் நாளில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 7: திரும்பியதும்

கடலோரம் போயிருந்தால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவி, தெருவை ஒரு சுற்று சுற்றிப் பிரேக்கை உலர்த்துங்கள். பிறகு கட்டை வைத்து, சார்ஜரை மாட்டுங்கள். எஞ்சின் ஆறி, உடல் காய்ந்த பின்பே கவர் போர்த்துங்கள். ஓடிய கிலோமீட்டரையும் கண்ணில் பட்ட குறையையும் கராஜ் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே எழுதிவையுங்கள். அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் இருக்கிறது.