அட்லாண்டிக் அடிமை வணிகத்தைப் பழைய வரைபடங்களில் படிக்கும் முறை

பழைய வரைபடம் ஒன்றை எடுத்ததும் அது எந்த ஆண்டில், யாருடைய தேவைக்காக வரையப்பட்டது என்று முதலில் பாருங்கள். மாலுமிக்கும் வணிகருக்கும் வரைந்த படம் அவர்களுக்கு வேண்டியதையே காட்டும்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வரைந்த மேற்கு ஆப்பிரிக்கப் படங்களில் இது தெளிவாகத் தெரியும். கடலோரம் நெடுகப் பெயர்கள் நெருக்கியடித்து நிற்க, உள்நாட்டில் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கும். தந்தக் கரை, தங்கக் கரை, அடிமைக் கரை என்று மேற்கிலிருந்து கிழக்காக வரும் பெயர்களை நிறுத்திப் படியுங்கள். தந்தத்துக்கும் தங்கத்துக்கும் அடுத்த சரக்காக மனிதர்களைச் சொல்லும் அந்தக் கடைசிப் பெயர், இன்றைய டோகோ, பெனின் நாடுகளின் கரையில் எழுதப்பட்டிருக்கும்.

பிறகு ஓர் இடத்தைத் தேர்ந்து, வெவ்வேறு காலத்துப் படங்களில் தொடருங்கள். இன்றைய கானாவின் கரையிலுள்ள எல்மினா கோட்டை நல்ல தொடக்கம். போர்த்துகீசியர் 1482இல் தங்க வணிகத்துக்காகக் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டை, 1502ஆம் ஆண்டின் கான்டினோ உலகப்படத்திலேயே பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. 1637இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். பின்னாளில் கப்பலேற்றும்வரை மனிதர்களை அடைத்துவைக்கும் இடமாக அது மாறியது. படத்திலுள்ள கோட்டைச் சின்னம் இந்த மாற்றத்தைச் சொல்லாது என்பதால், ஆண்டை ஒருபோதும் கண்ணிலிருந்து நழுவவிடக் கூடாது.

கப்பல் பாதைகளைப் பார்க்கும்போது, பாடநூல்களில் வரும் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்ற முக்கோணப் பாதையை மட்டும் நம்பிவிடாதீர்கள். தென் அட்லாண்டிக்கின் காற்றும் நீரோட்டமும் ஒத்துழைத்ததால், பிரேசிலிலிருந்தே புறப்பட்டு, இன்றைய அங்கோலாவின் லுவாண்டா துறைமுகத்தில் மனிதர்களை ஏற்றிக்கொண்டு நேராகத் திரும்பிய கப்பல்கள் ஏராளம். கப்பல் பதிவுகளிலிருந்து ஆய்வாளர்கள் திரட்டிய மதிப்பீடுகளைப் படத்தோடு சேர்த்து வையுங்கள்: பிரேசிலில் இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 லட்சம், இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்புக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. மொத்தத்தில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம், உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். இடையில் கடலில் மாண்ட 18 லட்சம் பேரை அக்காலப் படங்களில் எங்கும் காண முடியாது. அவர்களைப் பொறுத்தவரை அங்கே கடல் வெறும் வெள்ளைத்தாள்தான்.

கடைசியாக, அடிமைகளை வேலைவாங்கிய தோட்டங்களின் படங்களுக்கு வாருங்கள். ஆங்கிலேயரான ரிச்சர்ட் லிகன் 1657இல் வெளியிட்ட, கரீபியத் தீவான பார்படோஸின் படத்தில், கரையோரமாகத் தோட்ட முதலாளிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அவற்றைவிட்டுத் தீவின் உட்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: குதிரைமீது வரும் ஒருவன், தப்பியோடும் இருவரை நோக்கிச் சுடுகிறான். அந்த இருவருக்கும் பெயர் எழுதப்படவில்லை.