பலாக்கொட்டையை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி?

பண்ருட்டிப் பலா வரத்து இருக்கும் மாதங்களில் சுளைக்கு இருக்கும் மரியாதை கொட்டைக்குக் கிடைப்பதில்லை. பச்சைக் கொட்டையில் ஏறக்குறைய பாதிக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. 100 கிராமுக்குச் சுமார் 6 கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராம்கூடத் தேறாது. நார்ச்சத்தும் பொட்டாசியமும் உண்டு.

இந்த ஈரத்தால்தான் பயறு மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், ஈரத்தில் விட்டால் முளைக்கும். வழுவழுப்புப் போகக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலர்த்தித் துணிப்பையில் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும். கிராமத்தில் காய்ந்த மண்ணில் புதைத்து வைப்பார்கள், அதுவும் நல்ல வழிதான்.

உரித்தல்: உலர்ந்த கொட்டையைக் குழவியால் லேசாகத் தட்டினால் வெள்ளைத் தோல் விரியும். அதை முழுக்க எடுத்துவிட வேண்டும். எவ்வளவு வெந்தாலும் மெல்ல வராது. உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் இருந்தால் பரவாயில்லை.

வேக வைத்தல்: கால் கிலோ கொட்டையை இரண்டாக நறுக்கி, 2 டம்ளர் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு சேர்த்துக் குக்கரில் 3 அல்லது 4 விசில் விடுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். முருங்கைக்காய் சேர்த்துப் புளிக்குழம்பு வைப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, பச்சைக் கொட்டையை நேராகப் புளித்தண்ணீரில் போடுவது. புளிப்பில் அது மெத்தென்று ஆகாது. தனியே வேக வைத்துக் கடைசியில் சேருங்கள். பச்சையாகத் தின்னவே வேண்டாம்: புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, நன்றாக வெந்தால்தான் அது செயலிழக்கும். வாயுத் தொல்லைக்குப் பூண்டும் பெருங்காயமும் தாராளமாகப் போடலாம்; ஆனாலும் ஒரு வேளைக்கு ஒருவருக்கு எட்டு, பத்து கொட்டை போதும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடுவதானால் ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சேரும் நீராவி படாரென்று வெடித்துக் கண்ணில்கூடத் தெறிக்கும்.

மாவு: பொறுமை தேவைப்படுவது இதற்குத்தான். உரித்த கொட்டையை 5 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, தேங்காய்ச் சில்லைவிட மெல்லியதாகச் சீவி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். முழுசாகக் காயப் போட்டால் வெளியே கல்லாகி உள்ளே ஈரம் நிற்கும். ஒடித்தால் ‘டக்’கென்று முறிந்தால் பதம். ஒரு கிலோவுக்கு 400 கிராம் தேறினாலே அதிகம். இதில் பசைத்தன்மை கிடையாது. இதை மட்டும் வைத்துச் சப்பாத்தி தேய்த்தால் ஓரமெல்லாம் விரியும். மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு கலந்து, வெதுவெதுப்பான நீரில் பிசையுங்கள். டப்பாவில் வைத்த மாவு கட்டி தட்டினால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம். வாடை மாறாமல் இருந்தால் மறுபடி வெயிலில் போடலாம். புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.