ஹீத்ரோவில் மாலை நேர விமானம் பார்த்தல்: மிர்ட்டில் அவென்யூ செய்முறை

லண்டன் ஹீத்ரோவில் தரையிறங்கும் விமானத்தைக் கிட்டத்தில் பார்க்க, மிர்ட்டில் அவென்யூ முனையிலுள்ள புல்திடல்தான் முதல் தேர்வு. பிக்காடிலி ரயில் தடத்தில் ஹாட்டன் கிராஸில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. காரில் போகாதீர்கள், அது வீடுகள் நிறைந்த சின்னத் தெரு. திடலில் கடையும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது.

முதல் வேலை, ஓடுபாதையைத் தெரிந்துகொள்வது. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிழக்கு மேற்காக இரண்டு ஓடுபாதைகள், நடுவே சுமார் 1.4 கி.மீ. மேற்குக் காற்றில் விமானங்கள் நகரத்துக்கு மேலாகக் கிழக்கிலிருந்து வந்து ஒன்றில் இறங்கும், மற்றதில் கிளம்பும். அக்கம்பக்கத்தாருக்குப் பாதி நாளாவது இரைச்சல் ஓயட்டும் என்று பிற்பகல் 3 மணிக்கு இரண்டையும் மாற்றிவிடுவார்கள். நம் திடல் தெற்குப் பாதையான 27எல் பக்கம். மதியம் வரிசைகட்டி வந்தவை 3 மணிக்கு வடக்குப் பாதைக்குப் போய்விட்டால், தூரத்தில் வால்கள்தான் தெரியும். மாற்ற அட்டவணையை விமான நிலையமே தன் இணையதளத்தில் போடுகிறது; 3 மணிக்குப் பின் 27எல்லில் தரையிறக்கம் என்றிருக்கும் வாரத்தைப் பிடியுங்கள்.

கிழக்குக் காற்றென்றால் அந்த அட்டவணை செல்லாது. விமானங்கள் மேற்கே வின்ட்சர் பக்கமிருந்து இறங்கும். திடலில் நிற்பவருக்குக் கிளம்பிப்போகும் விமானம்தான், அதுவும் உயரத்தில். அதனால் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ஃபிளைட்ரேடார்24 செயலியில் இறங்கும் விமானங்கள் எந்தப் பாதையைத் தொடுகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்ல நேரத்தில் ஏறத்தாழ 90 விநாடிக்கு ஒன்று வரும். செயலியில் லண்டன் நகரப் பகுதியான பேட்டர்சீயைத் தாண்டிய விமானம் திடலுக்கு வர நான்கு நிமிடம் போல ஆகும்.

அடுத்தது வெயில். திடல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் நாம் பார்ப்பது விமானத்தின் இடப்பக்கம். ஜூனில் மாலை 6 மணிக்குள் சூரியன் மேற்கைத் தாண்டி வடக்கே சாய்ந்துவிடும். அப்புறம் நம் பக்கம் நிழல். செப்டம்பர் கடைசியில் அஸ்தமனம் வரை ஒளி நம் பக்கமே விழும். மாலைப் படத்துக்கு அந்த மாதத்தையே சொல்வேன்.

லென்ஸ் விஷயத்தில் பெரிசு வேண்டாம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 70 மி.மீ. வைத்தால் 150 மீட்டர் தள்ளி 77 மீட்டர் அகலம் அடங்கும். இரண்டடுக்குப் பெரிய பயணிகள் விமானமான ஏ380-இன் நீளம் 72.7 மீட்டர், ஒட்டி ஒட்டித்தான் நிற்கும். 150-600 மி.மீ. லென்ஸ் கொண்டுவந்தால் மூக்கு வரும், வால் வராது. 70-300 போதும், கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவுக்கு 18-135.

தொடர் ஃபோகஸ், லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/1000 விநாடியில் தொடங்குங்கள். வெளிர் வானத்தைப் பார்த்து கேமரா படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை +0.7 ஏற்றுங்கள். சாயங்கால வெயில் வெள்ளை உடலில் நேராக அடிக்கும்போது மட்டும் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பாவிட்டால் வெள்ளை வெளுத்துப்போகும். எட்டத்தில் வரும்போதே சுடாதீர்கள். தார்ச்சாலைச் சூட்டில் காற்று நெளிந்து ஜன்னல் வரிசை அலையலையாக விழும், எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இருட்டியபின் எதிரே வரும் விளக்குகளில் ஃபோகஸ் தடுமாறும். மூக்கு உங்களைக் கடந்ததும் 1/125 விநாடியில் கேமராவை விமானத்தோடு சேர்த்து நகர்த்தி எடுங்கள்.

காற்றில்லாத மாலையில் ஏ380 போனதும் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுங்கள். இரைச்சல் அடங்கிச் சில விநாடி கழித்து, துணி கிழிவதுபோல 'சர்ர்' என்று தலைக்கு மேல் ஓடும். இறக்கை நுனியிலிருந்து சுழன்று இறங்கும் காற்று அது.

பின்சேர்க்கை: விமானி பேச்சைக் கேட்க ரேடியோ வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் அதைக் கேட்பதே சட்டப்படி குற்றம். கடையில் விற்கிறார்களே என்று வாங்கிவிடாதீர்கள். செயலியே போதும்.